சக் நின்றது, எம்.சி.பி. ஏன் விழவில்லை?

சின்ன லேத்தில் இரும்புத் தண்டு கடைகிறார் ஒருவர். வெட்டு ஆழம் கொஞ்சம் அதிகம். டூல் கடித்துக்கொள்ள, சக் நின்று மோட்டார் உறுமுகிறது. சுவரிலுள்ள எம்.சி.பி. உடனே விழவில்லை.

அது காப்பது ஒயரை, மோட்டாரை அல்ல. இண்டக்‌ஷன் மோட்டார் கிளம்பும்போதே வழக்கமான மின்னோட்டத்தைப்போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். அதைத் தாங்கும்படி தேர்ந்தெடுத்த எம்.சி.பி., சற்றே கூடுதலான சுமையைக் கண்டுகொள்ளாது. மோட்டார் காயிலின் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும்: மின்னோட்டம் 20 சதவீதம் கூடினால் வெப்பம் 44 சதவீதம் கூடும்.

இதற்குத்தான் ஓவர்லோடு ரிலே. அதற்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை இருக்கும். மோட்டாரின் மின்னோட்டம் சூடேற்ற, உலோகங்கள் வெவ்வேறு அளவில் விரிந்து பட்டை வளையும், மோட்டாருக்கு மின்சாரம் தரும் கான்டாக்டர் விடுபடும். கிளம்பும் ஓரிரு நொடிகளில் அது வளைய நேரமில்லை. கிளாஸ் 10 ரிலே 7.2 மடங்கு மின்னோட்டத்தில் 10 நொடிக்குள் துண்டிக்கும், 1.2 மடங்கில் 2 மணி நேரம்கூட எடுக்கலாம்.

வீட்டுப் பட்டறைகளில் ஒரு வேடிக்கை உண்டு. த்ரீ ஃபேஸ் ரிலேயில் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை ஒரே துருவம் வழியாக இணைத்தால், ஃபேஸ் போய்விட்டதென்று எண்ணிப் பல ரிலேக்கள் அவசரப்பட்டுத் துண்டிக்கும். மின்னோட்டத்தை மூன்று துருவங்களிலும் தொடராக ஓட விட்டால் சரியாகிவிடும்.

ரிலே ஏமாறுவதும் உண்டு. மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியான வி.எஃப்.டி.யால் வேகத்தைக் குறைத்தால் மோட்டார் தண்டிலுள்ள விசிறியும் மந்தமாகும். மின்னோட்டம் அளவோடு இருந்தும் காயில் சூடேறும். அங்கே காயிலுக்குள் புதைத்த, வெப்பத்தை நேரடியாக உணரும் தெர்மிஸ்டரே நம்பகமானது.