ஊருக்குச் சொல்லாமல் காத்த பூ!

இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷைர் என்ற வட்டாரம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் மலைகளும், செம்மறியாடுகள் மேயும் புல்வெளிகளும் நிறைந்த பிரதேசம். அங்கே ஒரு மலைச்சரிவில் ஒரு செடி நிற்கிறது. அது எந்த இடம் என்பது மிகச் சிலருக்கு மட்டுமே தெரியும். தெரிந்தவர்கள் வாய் திறப்பதில்லை.

தங்கம் காய்க்கும் செடியா அது? இல்லை. வெறும் பூச்செடிதான்!

"சீமாட்டியின் செருப்பு" என்று அந்தப் பூவை அழைக்கிறார்கள். ஆர்க்கிட் என்னும் பூவினத்தைச் சேர்ந்தது. செடி ஒரு முழ உயரம் வளரும். பூவைச் சுற்றிக் கருஞ்சிவப்பு இதழ்கள். நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு பை. பணக்காரச் சீமாட்டி ஒருத்தி கழற்றி வைத்த குட்டிச் செருப்பைப் போலவே இருக்கும். மே, ஜூன் மாதங்களில் பூக்கும். குளிர்காலம் வந்தால் தரைக்கு மேலே ஒன்றும் இராது. மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உறங்கிக்கொண்டிருக்கும்.

அழகே எமன்

ஒரு காலத்தில் இந்தப் பூ வட இங்கிலாந்தின் காடுகளில் தாராளமாகப் பூத்தது. லண்டனில் வாழ்ந்த ஜான் பார்க்கின்சன் என்ற மருந்து வைத்தியர் 1629-ம் ஆண்டில் ஒரு தோட்டக்கலை நூல் வெளியிட்டார். வடக்கே இங்கிள்பரோ மலைப் பக்கத்துக் காட்டில் இந்தப் பூ கிடைப்பதாக அதில் எழுதினார். அந்தப் பக்கத்தில் வசித்த தாமசின் டன்ஸ்டல் என்ற அம்மையார், கிழங்குகளைத் தோண்டி அவருக்கு லண்டனுக்கு அனுப்பி வந்தார்.

அம்மையார் அனுப்பியது அன்பினால்தான். ஆனால் அவரைப் போல் ஆயிரம் பேர் ஆசைப்பட்டால் காடு தாங்குமா? சந்தைகளில் பூவைக் கட்டுக் கட்டாக விற்றார்கள். தோட்டம் வைத்திருந்தவர்கள் கிழங்கோடு வாங்கினார்கள். படித்தவர்களும் சும்மா இருக்கவில்லை. காகிதத்துக்குள் வைத்து அழுத்திப் பாடம் செய்வதற்காகப் பறித்துப் போனார்கள். பூ குறையக் குறைய, அதன் மேல் ஆசை அதிகமாயிற்று. காடும் அழிந்தது. மிஞ்சியதை ஆடுகள் மேய்ந்தன.

1917-ம் ஆண்டில், பிரிட்டனில் இந்தச் செடி அடியோடு அழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள்.

ஒரே ஒரு செடி!

13 ஆண்டுகள் கழிந்தன. 1930-ல் செடிகொடிகளில் ஆர்வம் உள்ள சிலர் யார்க்‌ஷைர் மலைகளில் சுற்றியபோது அது கண்ணில் பட்டது. ஒரே ஒரு செடி!

கண்டவர்கள் தம்பட்டம் அடிக்கவில்லை. பத்திரிகைகளுக்கும் சொல்லவில்லை. நம்பிக்கையான சிலரிடம் மட்டும் சொல்லி, அவர்களையும் காவலுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். 1970-ல் இதற்கென்றே ஒரு குழு ஏற்பட்டது. பூக்கும் பருவத்தில் தொண்டர்கள் செடிக்குப் பக்கத்திலேயே காவல் கிடந்தார்கள். ஒரு பூவுக்கு இத்தனை காவலா என்று சிரிக்கத் தோன்றும். கடைசி விளக்கு அணையாமல் கையால் மறைத்துப் பிடிப்பவரைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

ஆனால் காவல் காத்தால் செடி பிழைக்குமே தவிரப் பெருகாது. அங்கேதான் சிக்கல் வந்தது.

ஏமாற்றுக்காரப் பூ

இந்தப் பூவில் தேன் கிடையாது! மணத்துக்கு மயங்கி வரும் சிறு காட்டுத் தேனீ, வழுக்கிச் செருப்புக்குள் விழுந்துவிடும். வந்த வழியே ஏற முடியாது. பின்பக்கம் ஒரு சந்து இருக்கிறது. அதன் வழியாக நெருக்கிக்கொண்டு வெளியேறும்போது, முதலில் சூல்முடியில் உரசும். பிறகு மகரந்தம் அதன் முதுகில் அப்பிக்கொள்ளும். அந்தத் தேனீ இன்னொரு பூவிடமும் ஏமாந்தால்தான் காய் பிடிக்கும். ஒற்றைச் செடி தனித்து நின்றால் இது எப்படி நடக்கும்? ஆகவே குழுவினர் தாங்களே மகரந்தத்தை எடுத்து வைத்தார்கள்.

காய் பிடித்தது. ஆனால் அடுத்த தொல்லை விதை! ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. நெல்லுக்குள் அரிசி இருப்பதுபோல் அதற்குள் உணவு இல்லை. மண்ணில் உள்ள ஒரு வகைப் பூஞ்சணம் வந்து ஊட்டினால்தான் அது முளைக்கும்.

புட்டிப்பால் குழந்தைகள்

லண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டம் உலகப் புகழ் பெற்றது. 1983-ல் அங்குள்ள விஞ்ஞானிகள் அருகிவரும் ஆர்க்கிட் செடிகளை வளர்க்கும் வேலையைத் தொடங்கினார்கள். பூஞ்சணம் செய்யும் வேலையை அவர்கள் கண்ணாடிப் புட்டிக்குள் செய்தார்கள். சத்துப் பொருள் கலந்த கூழில் விதையைத் தூவினார்கள். முற்றிய விதை அசைந்து கொடுக்கவில்லை. காய் பச்சையாக இருக்கும்போதே விதையை எடுத்துப் பார்த்தார்கள். அது முளைத்தது!

ஒரு வேடிக்கை: காட்டைக் கொள்ளையடித்த பழைய தோட்டங்களே இப்போது உதவிக்கு வந்தன. அந்நாளில் மலையிலிருந்து கொண்டுபோன செடிகளில் சில, தோட்டங்களில் உயிரோடு இருந்தன. அவற்றையும் ஒற்றைச் செடியோடு இணை சேர்த்தார்கள்.

1989-ல் முதல் நாற்றுகளை மலையில் நட்டார்கள். ஓடில்லாத நத்தைகளுக்கு நல்ல விருந்து! பல நாற்றுகள் மடிந்தன. கொஞ்சம் பெரிதாக வளர்த்து நட்டபோது பலன் கிடைத்தது. ஆனாலும் பூ வரவில்லை. ஆண்டுக்கு ஆண்டு இலைதான் வந்தது. பொறுமை இழக்காமல் காத்திருந்தார்கள். நட்டு 11 ஆண்டுகள் ஆன பிறகு, 2000-ம் ஆண்டில், அந்தச் செடிகளில் ஒன்று மஞ்சள் செருப்பை நீட்டியது.

வீடு வேண்டாமா?

நாற்று மட்டும் போதாது. நல்ல இடமும் வேண்டும். இந்தச் செடிக்குச் சுண்ணாம்பு மண் வேண்டும். அரை நிழல் வேண்டும். புதர் அடர்ந்து இருண்டுவிட்டால் பூக்காது. வெட்டவெளியில் விட்டால் ஆடும் முயலும் தின்றுவிடும். ஆகவே புதரை அளவாக வெட்டுகிறார்கள், வேலி போடுகிறார்கள். அந்தத் தேனீயை மறந்தாலும் காரியம் கெட்டுப்போகும். அது மண்ணில் வளை தோண்டி வாழ்வது. அதற்கும் இடம் விட வேண்டும்.

லங்காஷைரில் கேட் பாரோஸ் என்ற இடத்தில் தளம் போட்டதுபோல் சுண்ணாம்புப் பாறை பரந்து கிடக்கிறது. தோட்டங்களை அலங்கரிக்க அந்தப் பாறையைப் பெயர்த்து விற்றுவந்தார்கள். 1977-ல் அது இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பிற்பாடு கியூவில் வளர்த்த சீமாட்டிச் செருப்புகளை அங்கே நட்டார்கள். இங்கே ரகசியம் இல்லை! யாரும் வந்து பார்க்கலாம் என்று விட்டார்கள். கண்ணாரக் காண ஓர் இடம் இருந்தால், ஒளித்து வைத்த செடியைத் தேடி யாரும் அலைய மாட்டார்கள் அல்லவா?

இருந்தாலும் திருட்டுக் கை ஓயவில்லை. அதே லங்காஷைரில் கோல்ஃப் மைதானம் ஒன்றில் நின்ற பழைய செடியைத் தோண்ட முயன்றார்கள். அதனால் 2010-ல் அந்தச் செடிக்குப் போலீசார் ரோந்து வந்தார்கள். காட்டில் வளரும் இந்தச் செடியைப் பறிப்பதும் தோண்டுவதும் 1981-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.