பில்டர் நடத்திய கிளப்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாக ஆந்திரா போகும் நெடுஞ்சாலையில், சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் போட்டியாக வீட்டுமனை விளம்பரங்கள் நிற்கின்றன. மனை விற்பவர்களில் சிலர் ஊர்ப் பையன்களின் பொங்கல் போட்டிக்குக் கோப்பையும் பனியனும் வாங்கித் தருவதுண்டு. பனியனின் முதுகில் அவர்கள் போட்ட நகரின் பெயர் இருக்கும். புனேயில் ஒரு பில்டர் அதோடு நிற்கவில்லை. நாட்டின் அப்போதைய முதல்நிலைக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கில் ஆடும் அணியையே நடத்தினார்.

மகாராஷ்டிரத்தில் டி.எஸ்.கே. என்றால் போதும், தீபக் சகாராம் குல்கர்னியைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியும். அலுவலகங்களில் தொலைபேசியைத் துடைத்து வாசனை போட்டுத் தரும் வேலையில் தொடங்கியவர். பிறகு அடுக்குமாடி வீடுகள், டொயோட்டா ஷோரூம், மோட்டார் பைக் என்று விரிந்தார். 1987இல் தோன்றிய சிவாஜியன்ஸ் கிளப் அவர் குழுமத்தின் கைக்கு வந்ததும் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் ஆனது. இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்போடு கைகோத்து, பையன்கள் தங்கிப் பயிலும் அகாடமியும் புனேயில் எழுந்தது. அந்த நாளில் இந்தியாவில் அப்படியோர் ஏற்பாடு அபூர்வம்.

2015-16 பருவத்தில் ஐ-லீக்கில் அணிக்கு நேரடி இடம் கிடைத்தது. கீழ்நிலை லீக்கில் ஆடி ஜெயித்து வந்த இடமல்ல, கார்ப்பரேட் குழுமம் என்பதால் கிடைத்த இடம். முதல் பருவத்தில் பட்டியலில் கடைசி. ஆனாலும் விதிவிலக்கு இருந்ததால் அணி தப்பியது. அதற்கு மேலே இருந்த மிசோரமின் ஐசால் எஃப்.சி.யைத்தான் லீக்கிலிருந்து இறக்கினார்கள். பிறகு மனம் மாறிச் சேர்த்துக்கொண்டபோது, அந்த ஐசால் 2016-17 பருவத்தின் சாம்பியன் ஆகிவிட்டது. பணத்துக்குக் கொடுத்த மரியாதையை ஆட்டத்துக்குக் கொடுக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பில்டர்களுக்குக் கால்பந்து மீது இந்த ஆசை புதிதல்ல. ஸ்பெயினின் ஹெசூஸ் கில் கட்டிய கட்டடம் 1969இல் இடிந்து 58 பேர் இறந்தார்கள். சிறை சென்ற அவருக்குச் சர்வாதிகாரி பிராங்கோ மன்னிப்பு தந்தார். 1987இல் அத்லெதிகோ மாட்ரிட் தலைவர், 1991இல் மார்பெயா நகர மேயர். 1996இல் அணி லீக், கோப்பை இரண்டையும் வென்றது. நகராட்சிப் பணம் கிளப்புக்குப் போனது என்ற வழக்கு பின்னால் வந்தது. 2000இல் அணி இரண்டாம் நிலைக்கு இறங்கியது.

புனே கதை முடிந்தது வைப்புத்தொகையில். பலரும், குறிப்பாக ஓய்வு பெற்றவர்கள், குழுமத்தில் பணம் போட்டிருந்தார்கள். பணம் திரும்பவில்லை என்ற புகாரில் 2017 அக்டோபரில் வழக்குப் பதிவானது. 2018 பிப்ரவரியில் குல்கர்னி கைதானார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்து 2022இல் ஜாமீனில் வந்தார். 2017-18 ஐ-லீக்கில் அவர் அணி இல்லை. டிக்கெட்டிலும் தொலைக்காட்சியிலும் இந்தியக் கிளப்புக்குக் கிடைப்பது சொற்பம், முதலாளியின் பாக்கெட்தான் கஜானா. அது காலியானால் முதலில் கை வைப்பது விளையாட்டுச் செலவில்தான்.

டி.எஸ்.கே. அகாடமி வளர்த்த ஜெர்ரி லால்ரின்சுவாலா 2016இல் சென்னையின் எஃப்.சி.க்கு வந்து இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) சிறந்த இளம் வீரர் விருது வாங்கினார். குல்கர்னி கைதான மறுமாதம், 2018 மார்ச் 17 அன்று, பெங்களூருவை 3-2 என்று வென்று கோப்பை தூக்கிய சென்னை அணியில் ஜெர்ரியும் இருந்தார். டி.எஸ்.கே. சிவாஜியன்ஸுக்கு ஆடிய லாலியன்சுவாலா சாங்தேயும் பின்னாளில் சென்னைக்கு ஆடி, இந்திய அணியின் முக்கிய வீரரானார். இவர்களுக்கு வேறு அணி கிடைத்தது. எல்லாப் பையன்களுக்கும் அப்படி வாய்க்காது. லீக்கில் இடம் கேட்டு வரும் முதலாளியிடம், வீரர்களின் ஓராண்டுச் சம்பளத்தையும் அகாடமிச் செலவையும் முன்கூட்டியே கட்டச் சொல்ல வேண்டும். அதை இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கண்டிப்புடன் செய்ய வேண்டும்.