காட்பாடிக்குப் போன ஐஸ் பெட்டி



படப்பையிலிருந்து பஸ்ஸில் தாம்பரம் போய், அங்கே ரயிலேறுகிற நமக்கு, அடுத்த நிலையமான சானடோரியம் பழகிய பெயர். 1928-இல் காசநோய்க்கென ஏற்பட்ட அந்த மருத்துவமனைக்கு 1990-களில் புதிதாகச் சில வியாதியஸ்தர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுடைய இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அது இந்தியாவுக்கு வந்துவிட்டதை முதலில் கண்டறிந்தவர்கள் நம் சென்னை மருத்துவர்களே.

1985-இல் டாக்டர் சுனிதி சாலமன் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை. எய்ட்ஸ் மேல்நாட்டு வியாதி, நமக்கு வராது என்று படித்தவர்களே பேசிய காலம் அது. அம்மையார் அப்படி நினைக்கவில்லை. பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களின் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கும்படி தம் மாணவி டாக்டர் நிர்மலாவிடம் சொன்னார். மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. அவற்றை வைக்க இடம்? நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜ்தான்!

சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவர் கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, இரவு ரயிலில் காட்பாடி சென்று, அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை அடைந்தார்கள். கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருள் இரத்தத்தில் இருந்தால், எலிசா சோதனையில் நிறம் மாறும். ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. பின்னர் அமெரிக்காவில் நடந்த சோதனையும் அதையே உறுதிசெய்தது.

ஆய்வாளருக்கு இத்தோடு வேலை முடிந்திருக்கலாம். ஆனால் இந்த வியாதியஸ்தர்களைத் தொடவே மருத்துவர்கள் சிலர் தயங்கியதை அம்மையார் கண்டார். 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிறுவனத்தை ஏற்படுத்தினார். அங்கே சோதனைக்கு முன்னும் பின்னும் ஒருவரை உட்காரவைத்துப் பேசுவதும் வைத்தியத்தில் சேர்த்தி. வீட்டாரிடம் எப்படிச் சொல்வது, பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு மாத்திரை மட்டும் போதுமா?

எங்களை மிகவும் தொட்டது வேறொன்று. கிருமி உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் அம்மையாரே வரன் பார்த்து மணம் முடித்து வைத்தார்! தொடர்ந்த மருந்தால், அப்படிப்பட்ட தம்பதியருக்கும் கிருமியில்லாத குழந்தை பிறக்க முடிகிறது.

2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, முதல் மையங்களுள் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அம்மையாருக்கு பத்மஸ்ரீ 2017-இல் அறிவிக்கப்பட்டது. அவர் 2015 ஜூலை 28 அன்றே காலமாகியிருந்தார்.