‘எங்கே இருக்கே?’ என்று கேட்ட பிறகு

செல்போனில் யாரைக் கூப்பிட்டாலும் நாம் முதலில் கேட்பது, “எங்கே இருக்கே?” “ரோட்டுல நடந்து போயிட்டிருக்கேன்” என்று பதில் வரும். “சரி, நான் சொல்றதைக் கேளு” என்று அரைமணி நேரக் கதையை ஆரம்பித்துவிடுவோம். கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வந்த பதிலுக்கு ஏற்றபடி நடந்துகொள்ளும் பழக்கம்தான் இல்லை. நடந்துகொண்டே போன் பேசாதே என்று நடப்பவருக்கு மட்டும் புத்தி சொல்கிறோம். அவரை நடுரோட்டில் பேச்சில் பிடித்து வைத்திருக்கும் மறுமுனைக்காரரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அவருக்காகத்தான்.

கூடவே நடந்து வருபவர் லாரியைப் பார்த்தால் பேச்சை நிறுத்துவார், கையைப் பிடித்து இழுப்பார், ரோட்டைத் தாண்டிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவார். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார் ஓட்டும் சிமுலேட்டரில் இதைச் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். பக்கத்து சீட்காரரோடு பேசியபடி ஓட்டியவர்களைவிட, போனில் பேசியபடி ஓட்டியவர்களே அதிகம் தடுமாறினார்கள். பக்கத்தில் இருப்பவர் நெரிசலைப் பார்த்துத் தன் பேச்சைத் தானே மாற்றிக்கொள்கிறார். பல நேரம் ரோட்டைப் பற்றியே பேசத் தொடங்கிவிடுகிறார்.

நடப்பவர்களை வைத்தும் ஒரு சோதனை உண்டு. மேற்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஐரா ஹைமன் என்ற உளவியல் பேராசிரியரின் குழு, வளாகத்தின் சதுக்கத்தில் ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு கோமாளியைச் சுற்றவிட்டது. போன் பேசியபடி போனவர்களில் நாலில் ஒருவர்தான் கோமாளியைக் கவனித்திருந்தார். இரண்டு பேராகப் பேசிக்கொண்டே நடந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் பார்த்திருந்தார்கள். ஆக, பேச்சு மட்டுமே கண்ணை மறைப்பதில்லை. நாம் நிற்கும் இடத்தில் இல்லாத ஒருவரோடு பேசுவதுதான் மறைக்கிறது.

இந்த ஆபத்து செல்போன் பிறந்த நாளிலேயே தொடங்கிவிட்டது. 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் வீதியில் நின்று, கையில் பிடித்துப் பேசும் செல்போனில் முதல் அழைப்பைச் செய்தவர் மோட்டரோலாவின் மார்ட்டின் கூப்பர். அந்தப் போன் ஒரு கிலோவுக்கு மேல் எடை. ஒரு வானொலி நிருபரோடு பேசிக்கொண்டே சாலையைக் கடந்ததைத் தன் வாழ்நாளில் செய்த ஆபத்தான காரியங்களில் ஒன்றாகப் பின்னாளில் அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

இந்தியாவில் 1995-ல் செல்போன் வந்தபோது பேசினாலும் காசு, வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு. 2003-ல்தான் உள்வரும் அழைப்புகள் இலவசமாயின. அதற்குப் பிறகும் பல வருடங்கள் ரோமிங்கில் அழைப்பை எடுத்தால் காசு போனதால், “ரோமிங்ல இருக்கேன்” என்று ஒருவர் சொன்னால் போதும், மறுமுனையில் இருப்பவர் உடனே வைத்துவிடுவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. “ரோட்டுல இருக்கேன்” என்ற சொல்லுக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சென்னையின் கடற்கரை - தாம்பரம் ரயில் மார்க்கத்தில் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தால் விஷயத்தின் தீவிரம் புரியும். படியேறிப் போக மேம்பாலம் இருக்கும். பிளாட்பாரத்தின் முனையில் இறங்கி, ஒரு காதில் இயர்போனோடு தண்டவாளத்தைத் தாண்டுகிறவர்களும் இருப்பார்கள். மின்சார ரயில் வேகம் குறைத்து வரும்போது அவ்வளவாகச் சத்தம் கேட்காது. அதைவிட மோசமானது இரண்டு ரயில்கள் சேர்ந்து வரும் நேரம். ஒரு தடத்தில் ரயில் கடந்துபோகும்போது, அடுத்த தடத்தில் வரும் ரயிலின் ஹாரனையும் முதல் ரயிலுடையது என்றே காது எடுத்துக்கொள்ளும். “ம்... சொல்லு” என்றபடி கால் எடுத்து வைத்தால் முடிந்தது கதை. இப்படித் தண்டவாளத்தைக் கடப்பது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கக்கூடிய குற்றம். ஆனால் மறுமுனையில் ரயில் ஹாரன் கேட்டதும் “முதல்ல போனை வை” என்று சொல்லும் ஒரு அம்மாவோ நண்பனோ, அந்தப் பிரிவைவிட வேகமாக ஆளைக் காப்பாற்றிவிட முடியும்.

இங்கே எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, யார் போனை வைக்கலாம் என்பது. மேனேஜர் கூப்பிட்டால், “ரோட்டுல இருக்கேன் சார், அப்புறம் பேசறேன்” என்று சொல்ல ஊழியருக்குத் தயக்கம். மாமியாரிடம் மருமகளுக்கும், கடை முதலாளியிடம் டெலிவரி பையனுக்கும் அதே தயக்கம்தான். வைக்கும் துணிச்சல் இல்லாதவரிடம் எச்சரிக்கையாக இரு என்பதில் பயனில்லை. மேலிடத்தில் இருப்பவர்தான், “நடந்துட்டிருக்கீங்களா? ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுங்க” என்று சொல்ல வேண்டும். கெட்ட செய்தியானால் இன்னும் கவனம் தேவை. நேரில் என்றால், “முதல்ல உக்காரு” என்றுதானே ஆரம்பிப்போம்?

முடிக்கும் பழக்கமும் நமக்குக் கம்மி. “சரி, வைக்கட்டுமா?” “ம்... அப்புறம்?” “வேற என்ன?” என்று நாலு சுற்று போகும். வீட்டுச் சோபாவில் அது அன்பு. சென்னை ஜிஎஸ்டி சாலையின் நடுவே, எதிர்த் திசையில் பைக்குகள் புகுந்து வரும் இடத்தில், அந்த நாலு சுற்று வேண்டாமே.

எடுக்க முடியாத நேரத்துக்கு ஒரு வசதி பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் இருக்கிறது. அழைப்பு வரும்போதே, எடுக்காமல் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். அதில் ஏற்கெனவே எழுதியிருக்கும் வாசகங்களைப் போன் செட்டிங்கில் மாற்றவும் முடியும். “நடந்துட்டிருக்கேன், பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்” என்று தமிழில் எழுதி வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பெரியவர்களின் போனிலும், டியூஷனுக்கு நடந்து போய்வரும் பிள்ளைகளின் போனிலும் இன்று இரவே அதைச் செய்து கொடுத்துவிடலாம். அப்படி ஒரு செய்தி நமக்கு வந்தால், அடுத்த நிமிடமே மறுபடியும் அடிக்காமல் அந்தப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியது நாம்.