முடி மாத்திரையும் சொல்லத் தயங்கும் தொல்லையும்

ஆலங்காயத்திலிருந்தும் ஜவ்வாது மலையூர்களிலிருந்தும் எம்மிடம் வரும் இளைஞர்கள், முடி உதிர்வதைத் தயங்காமல் சொல்கிறார்கள். அதற்காக உண்ணும் மாத்திரையால் நேரும் தொல்லையைச் சொல்லத்தான் கூசுகிறார்கள்.

ஆண்களின் வழுக்கைக்குரிய ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரைக்கு அமெரிக்கா 1997இல் அனுமதி அளித்தது. டெஸ்டோஸ்டிரோன், டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறுவதை இது தடுக்கிறது. முடிவேரை நலியச் செய்வது பின்னதே. ஆனால் அதற்கு உடலில் வேறு பணிகளும் உண்டு. எனவே சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறையலாம், விறைப்புத் தளரலாம், விந்தின் அளவு குறையலாம். ஓராண்டு ஆய்வுகளில் மாத்திரை உண்டவர்களுள் 3.8 விழுக்காட்டினருக்கு இக்குறைகள் தோன்றின. மருந்தில்லா வெற்று மாத்திரை உண்டவர்களுள்ளும் 2.1 விழுக்காட்டினருக்குத் தோன்றின. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர்க்குச் சரியாகிவிடும். எனினும் நிறுத்திய பின்னும் நீடிப்பதாகச் சிலர் முறையிட்டதால், 2012இல் அமெரிக்க மருந்துக் குறிப்பில் அதுவும் சேர்க்கப்பட்டது.

இதை அறியாதவர் ஆண்மையே போயிற்றென்று அஞ்சுகிறார். விடுதி அறைகளில் தங்கி வைத்தியம் பார்ப்போரிடம் பணத்தை இழக்கிறார். மனைவியோ, தம்மீது வெறுப்போ என்று மருகுகிறார். மாத்திரைதான் காரணமாக இருக்கலாம் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால் பாதித் துயரம் குறையும்.

மனச்சோர்வும் உண்டாகலாம். தற்கொலை எண்ணம் எழுந்தால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். வீட்டார் அவரைத் தனியே விடவேண்டாம்.

மருந்துச் சீட்டின்றிக் கடையில் வாங்கி உண்பவராயினும் மறைக்க வேண்டாம். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். வரும்போது அந்த மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள்.