கை மட்டும் தெரியும் ஹீரோ!

இரும்புக்கை மாயாவி எங்க ராமநாதபுரம் ஜில்லாக்காரர் சார்! பூர்வீகம் என்னவோ பிரிட்டன்தான். ஆனால் 1972-ல் முத்து காமிக்ஸ் அவரைத் தமிழ் பேசவைத்த சிவகாசி, அப்போது எங்க ஜில்லா. (1985-ல்தான் விருதுநகரோடு போனது.)

கரன்ட் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் தெரியும். டைரக்டருக்குச் சிக்கலே இங்கேதான். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஹீரோவின் முகத்தைக் காட்டாமல் எப்படிப் படம் எடுப்பது? ராமநாதபுரம் தியேட்டரில் விசிலடிக்கிறவன் வெறும் கைக்கா அடிப்பான்?

2012-ல் மிஷ்கின் ஜீவாவுக்கு 'முகமூடி' மாட்டினார், படம் எடுபடவில்லை. மாயாவி தன் கனவுப் படம் என்று சொல்லியிருக்கிறார் லோகேஷ் கனகராஜ். முன்னாள் பேங்க் ஊழியர். (நம்ம ஆள்!) 2019-ல் 'கைதி'யை ஹீரோயின், டூயட் இல்லாமல் ஒரே ராத்திரியில் முடித்த தைரியசாலி. என் ஓட்டு அவருக்கே. 'அம்மா சென்டிமென்ட் ஃபிளாஷ்பேக் வச்சு முகத்தைக் காட்டிடலாமே' என்று தயாரிப்பாளர் இழுத்தால், 'முடியாது சார்' என்று அவர் சொல்லணும்!