கொழுப்புக் கிடங்கும் நொதிகளும்

2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. அருகருகே இரண்டு மருத்துவர்கள். ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2 சதவீதம்! எடைக் கருவியை மட்டும் நம்பினால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. ஒல்லியான கை கால், முன்னே தள்ளிய தொப்பை என்ற நம்மூர் உடல்வாகைப் பற்றிப் பேசும்போது மருத்துவர்கள் இந்தப் படத்தை எடுத்துக்காட்டுவதுண்டு.

உடல் பருமன் என்றதும் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சாப்பிட்டதை எங்கே சேர்ப்பது, எப்போது எடுப்பது என்ற வேலையைச் செய்வது நொதிகள், அதாவது என்சைம்கள். அவற்றைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

பூட்டுவதும் திறப்பதும்

வடையில் இருக்கும் எண்ணெய் அப்படியே தொப்பைக்குப் போய்விடாது. கணையத்திலிருந்து வரும் லைபேஸ் நொதி அதைக் குடலில் உடைத்தால்தான் உடம்புக்குள் நுழைய முடியும். நுழைந்தபின் மறுபடி கொழுப்பாகக் கோக்கப்பட்டு ரத்தத்தில் மிதந்து வருகிறது. நுண்ணிய ரத்தக் குழாயின் சுவரில் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற இன்னொரு நொதி காத்திருக்கும். அது இரண்டாம் முறை உடைத்துக் கொடுக்க, கொழுப்புச் செல் அதை உள்ளே வாங்கிச் சேமிக்கிறது. சாப்பிட்டதும் இன்சுலின் ஏறுகிறதல்லவா, அது கொழுப்புத் திசுவில் இந்த நொதியை முடுக்கிவிடுகிறது. நடக்கிறவர், உழைக்கிறவர் தசையிலோ இதே நொதி பெருகிக் கொழுப்பை எரிக்க இழுத்துக்கொள்கிறது. ஒரே நொதிதான், இருக்கும் இடத்தைப் பொறுத்து வேலையின் பலன் மாறுகிறது.

சேமித்ததை வெளியே எடுக்க மூன்று நொதிகள் வரிசையாக வேலை செய்ய வேண்டும். முதல் பூட்டைத் திறப்பது ஏ.டி.ஜி.எல். என்ற நொதி. அது கண்டறியப்பட்டதே 2004-ல்தான். இன்சுலின் உயர்ந்திருக்கும்போது இந்தத் திறப்பு வேலை அடங்கிவிடும். மணிக்கொரு தரம் பிஸ்கட், டீ என்று கொறித்துக்கொண்டே இருப்பவருக்குக் கிடங்கு திறக்கும் நேரம் குறைகிறது.

புதுச் செல் பிறக்கும் விதம்

கொழுப்புத் திசுவில் இன்னும் கொழுப்புச் செல்லாகாத இளம் செல்கள் உண்டு. பி.பி.ஏ.ஆர். காமா என்ற புரதம் அவற்றின் மரபணுக்களை முடுக்கிவிட்டால் அவை முழுமையான கொழுப்புச் செல்களாகின்றன. ஆய்வகத்தில் இதை வரவழைக்க இன்சுலினும், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், ஒரு குறிப்பிட்ட நொதியைத் தடுக்கும் வேதிப்பொருளும் சேர்ப்பார்கள். ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு முகமும் வயிறும் உப்புவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

மாத்திரை போடாதவர் உடம்பிலும் இது நடக்கலாம். கொழுப்புத் திசுவில் இருக்கும் ஒரு நொதி, செயலற்ற கார்ட்டிசோனைச் செயல்படும் கார்ட்டிசோலாக மாற்றுகிறது. 2001-ல் அந்த நொதி கொழுப்புத் திசுவில் மட்டும் அதிகமாக இருக்கும்படி எலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்குத் தொப்பையும் நீரிழிவும் வந்தன. அதைத் தடுக்க மருந்துகள் செய்து மனிதர்களிடமும் சோதித்தார்கள். எலியிடம் தெரிந்த பலன் மனிதரிடம் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை.

எண்ணிக்கை குறையாது

1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14, அக்காலத்தவர் செல்களிலும் ஏறியது. சுவீடன் ஆய்வாளர்கள் அதைக் கொண்டு கொழுப்புச் செல்லின் வயதைக் கணக்கிட்டார்கள். 2008-ல் வெளியான முடிவு இது: வளர்ந்தவர்களின் கொழுப்புச் செல்களில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இறந்து, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது. மொத்த எண்ணிக்கை பெரும்பாலும் இளமைப் பருவத்துக்குள் முடிவாகிவிடுகிறது. எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் செல்கள் சுருங்கினவே தவிரக் குறையவில்லை. ‘கொழுகொழுன்னு இருந்தாத்தான் குழந்தை’ என்று ஊட்டித் தள்ளும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

அதற்காகக் கொழுப்புச் செல்லை வில்லனாக்கிவிடக் கூடாது. கொழுப்புத் திசு ஏறக்குறைய இல்லாமலே பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். போக இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் படிந்து, கடுமையான நீரிழிவு அவர்களைத் தாக்குகிறது. நீரிழிவுக்குத் தரப்படும் பயோகிளிட்டசோன் மாத்திரை பி.பி.ஏ.ஆர். காமாவைத் தூண்டிப் புதிய, சிறிய கொழுப்புச் செல்களை உருவாக்கியே இன்சுலினை நன்றாக வேலை செய்ய வைக்கிறது. எடை சற்றுக் கூடும், சர்க்கரை குறையும். ஆக, ஆபத்து கிடங்கு இருப்பதில் இல்லை, அது நிரம்பி வழிவதில் இருக்கிறது.

மருந்துகள்

ஆர்லிஸ்டாட் குடலில் லைபேஸைத் தடுக்கிறது. உணவிலுள்ள கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் உடம்பில் சேராமல் மலத்தோடு போய்விடும். இதைப் போட்டுக்கொண்டு பஜ்ஜி சாப்பிட்டால் உள்ளாடையில் எண்ணெய் கசியும் சங்கடம் நேரும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் குறையக்கூடும்.

இப்போது பெரிதாகப் பேசப்படும் ஊசியின் கதையிலும் ஒரு நொதி உண்டு. குடல் சுரக்கும் ஜி.எல்.பி-1 ஹார்மோன் பசியை அடக்கும். ஆனால் டி.பி.பி-4 என்ற நொதி ஓரிரு நிமிடங்களில் அதைச் சிதைத்துவிடும். நீரிழிவுக்காரர்கள் சாப்பிடும் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் மாத்திரைகள் இந்த நொதியைத் தடுப்பவை. அவற்றால் சர்க்கரை குறையும், எடை குறையாது. அந்த ஊசி, அதாவது ஜி.எல்.பி-1 போலவே அமைக்கப்பட்ட செமாகுளுடைடு, வேறு வழியில் போகிறது. இந்த நொதி வெட்டும் இடத்தில் ஒரு அமினோ அமிலத்தை மாற்றி அமைத்ததோடு, ரத்தப் புரதத்தோடு ஒட்டி நிற்கக் கொழுப்பு அமில வால் ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். அதனால் வாரம் ஒரு ஊசி போதும். பெரிய ஆய்வொன்றில் 68 வாரங்களில் சராசரியாகச் சுமார் 15 சதவீத எடை குறைந்தது. நிறுத்தி ஒரு வருடத்தில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. பசி திரும்புகிறது, காலியான கிடங்கும் இடிபடாமல் அப்படியே நிற்கிறது.

பாட்டிலில் வரும் நொதி

‘கொழுப்பைக் கரைக்கும் என்சைம்’ என்று விற்கும் மாத்திரைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நொதி ஒரு புரதம். வாய் வழியாகப் போனால் பருப்பு, முட்டை போலச் செரிமானமாகிவிடும், தொப்பைக்குப் போய்ச் சேராது. கணையம் பழுதானவர்களுக்கு மருத்துவர் தரும் லைபேஸ் மாத்திரை, உணவிலுள்ள கொழுப்பு சரியாக உடம்பில் சேர்வதற்காகத்தான். அதையே இளைக்க விரும்பி வாங்குவது தலைகீழ் வேலை. கொள்ளு ரசம் நல்ல உணவு, ரசித்துச் சாப்பிடுங்கள். ஆனால் அது கொழுப்புச் செல்லின் பூட்டைத் திறக்காது.

வீட்டில் தையல் டேப் இருந்தால் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்டபின் சுற்றளவை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. நம்மவர்களுக்கான எல்லை. அதைத் தாண்டியிருந்தால், எடை சரியாகவே இருந்தாலும், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளுக்கு மருத்துவரைப் பாருங்கள்.